லொசார்டன் போட்டா கிட்னி பழுதாகுமா? பிரசர் குளிசை உள்ள போய் என்னதான் செய்யுது

தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்விக்குத்தான் இந்தப் பதில். அவங்க அம்மாவுக்கு 62 வயசு, காலம் பூரா மலையில கொழுந்து எடுத்தவங்க. பிரசருக்கு கிளினிக்ல முதல்ல எனலப்ரில் குடுத்திருக்காங்க, கொஞ்ச நாள்ல வறட்டு இருமல் புடிச்சி ராவெல்லாம் தூக்கமில்ல, பொறகு அத நிப்பாட்டிட்டு லொசார்டன் 50 எழுதிக் குடுத்திருக்காங்க, இருமல் போயிருச்சி. இப்ப லயத்துல ஒருத்தர் "லொசார்டன் கிட்னிய அடிச்சிரும், எனக்கு அதப் போட்டுத்தான் கிரியேட்டினின் ஏறிருச்சி"ன்னு பயங்காட்டி விட்டிருக்கார் (கிரியேட்டினின்னா கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல அது ஏறினா கிட்னி வடிகட்டுறது குறையுதுன்னு கணக்கு). பக்கத்து வீட்டு மாமாவுக்கு வேற குளிசை, பெரியம்மாவுக்கு இன்னொரு குளிசை, ஒரே வருத்தத்துக்கு ஏன் ஆளுக்கொரு மருந்து, பிரசர் 130க்கு வந்துட்டா நிப்பாட்டலாமான்னும் கேட்டிருக்காங்க.

முதல்ல நேரா சொல்லிடுறேன் தங்கச்சி, லொசார்டன் கிட்னிய அடிக்கிற மருந்து இல்ல, சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு கிட்னியக் காப்பாத்தவே குடுக்குற மருந்து அது. ஆனா சில நேரத்துல அது கூட வேற ஒண்ணு சேரும்போது கிட்னிக்கு அடி விழும், அந்த வேற ஒண்ணு நம்ம வீட்டு அலுமாரியிலயே கிடக்கும். நான் பாமசி வேலையில இருக்குறவன், தெனம் இதே கேள்விய கேட்டுக்கிட்டு வர்றாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

பிரசர்னா நெஞ்சு சம்பந்தப்பட்ட விசயம்னுதான் நம்ம ஆளுக நெனைக்கிறது, ஆனா உடம்புல உப்பும் தண்ணியும் எவ்வளவு நிக்கணும், பிரசர் எவ்வளவு இருக்கணும்னு கணக்குப் பாக்குற வேலையில பெரிய பங்கு கிட்னிக்குத்தான். கிட்னிக்குள்ள ரத்தம் வந்து சேர்ற சின்னச் சின்ன குழாய்களோட சுவர்ல சில செல்கள் காவல் இருக்கு. குழாயில அழுத்தம் குறையுதா, வடிகட்டின தண்ணியில உப்பு குறையுதா, இல்ல பயம் பதட்டம்னு நரம்பு வழியா அவசரத் தகவல் வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும், இதுல எது நடந்தாலும் ரெனின்னு ஒரு சாமான ரத்தத்துல விட்டுரும். ரெனின் தானா பிரசர ஏத்தாது, அது வெட்டுற வேலை செய்யிற என்சைம். ஈரல் செஞ்சு ரத்தத்துல விட்டு வச்சிருக்குற ஒரு பெரிய புரதத்துல இருந்து 10 அமினோ அமிலம் உள்ள ஒரு துண்ட வெட்டி எடுக்கும், அதுதான் ஆஞ்சியோடென்சின் 1. அதுவும் பெருசா ஒண்ணும் செய்யாது. முக்கியமா நுரையீரல் ரத்தக்குழாய்கள்ல ஏசிஇன்னு இன்னொரு என்சைம் இருக்கு, அது இன்னும் ரெண்டு அமினோ அமிலத்த வெட்டி எட்டாக்கினதும் ஆஞ்சியோடென்சின் 2 ஆகுது, ஆட்டம் இங்கதான் தொடங்குது. இது ரத்தக்குழாய சுருக்கும், தாகத்தக் கூட்டும், கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற அட்ரீனல் சுரப்பிக்கு சொல்லி அல்டோஸ்டிரோன்ங்கிற ஹோர்மோன விட வைக்கும். அல்டோஸ்டிரோன் வந்து கிட்னியில "உப்ப வெளிய விடாத, பொட்டாசியத்த வெளிய விடு"ன்னு நிக்கும், உப்பு நின்னா தண்ணியும் நிக்கும், தண்ணி நின்னா பிரசர் ஏறும்.

தோட்டத்துல பெரிய தொர சொன்னது கணக்கப்புள்ளைக்கு வந்து, அங்க இருந்து கங்காணிக்கு வந்து, கடைசியில மலையில நிக்கிற ஆளுக்கு வர்ற மாதிரி, இந்த உத்தரவு கிட்னியில தொடங்கி நாலஞ்சு கை மாறித்தான் ரத்தக்குழாய்க்கு வந்து சேருது. இப்ப கிளினிக்ல பிரசருக்கு குடுக்குற குளிசையில பலது செய்யிறது என்னன்னா, இதுல எங்கயாவது ஒரு கையில உத்தரவ மறிக்கிறதுதான். எந்த இடத்துல மறிக்குதுன்னு தெரிஞ்சிட்டா அந்தக் குளிசைக்கு என்ன பக்கவிளைவு வரும், எது கூட போடக்கூடாது, ஏன் ரத்தம் எடுத்துப் பாக்குறாங்கன்னு எல்லாமே தானா வெளங்கிரும், மனப்பாடம் பண்ணத் தேவையில்ல.

எல்லா உடம்புலயும் இந்த ஏற்பாடு நல்லதுக்குத்தான் இருக்கு, ரத்தம் நெறைய போனா, வயித்தால போய் தண்ணி வத்தினா, இதுதான் ஆள விழாம நிறுத்துறது. பிரசர் வருத்தம் உள்ள நெறைய பேருக்கு, அடங்க வேண்டிய நேரத்துலயும் இது அடங்காம ஓடிக்கிட்டே இருக்கு, அதுதான் பிரச்சினை.

கிட்னிக்குள்ள இப்படி ஒரு சாமான் இருக்குன்னு கண்டுபுடிச்சது 1898ல, சுவீடன்ல டிகர்ஸ்டெட்னு ஒரு புரொபசரும் அவரோட மாணவர் பெர்க்மனும் முயலோட கிட்னிய அரைச்சி சாறெடுத்து இன்னொரு முயலுக்கு ஏத்திப் பாத்தப்ப பிரசர் ஏறிருச்சி. ஆனா அத ரொம்ப காலம் யாரும் பெருசா கண்டுக்கல, 1934ல அமெரிக்காவுல கோல்ட்பிளாட்ங்கிறவர் நாயோட கிட்னிக்குப் போற ரத்தக்குழாய கிளிப் போட்டு நெரிச்சி, அதனாலயே நாய்க்கு பிரசர் வருதுன்னு காட்டினதுக்குப் பொறகுதான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மறிக்கிற மருந்து வந்த கதை இன்னும் விசேசம், அது பாம்பு விசத்துல இருந்து வந்தது. பிரேசில்ல ஜரராக்கான்னு ஒரு விரியன் இருக்கு, நம்ம தேயிலைக்குள்ள கிடந்து கொழுந்து எடுக்குறவங்கள கொத்துற குட்டை விரியனுக்கு தூரத்து சொந்தம். அதோட விசத்துல பிராடிகைனின்ங்கிற ஒரு சாமான உடம்புல கூட நேரம் நிக்க வைக்கிற ஒண்ணு இருக்குன்னு 1965ல செர்ஜியோ ஃபெரெய்ராங்கிற பிரேசில் டொக்டர் எழுதினார். அதே சாமான் ஏசிஇ என்சைமையும் மறிக்குதுன்னு பொறகு தெரிய வந்துச்சி, ஆனா அது ஊசியாத்தான் போடலாம், வாயில குடுத்தா வேல செய்யாது. அத முன்மாதிரியா வச்சி ஒண்டெட்டி, குஷ்மன்னு ரெண்டு பேர் வாயில போடுற மாதிரி செஞ்சதுதான் கப்டொப்ரில், 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. எனலப்ரில், லிசினொப்ரில், ராமிப்ரில்னு 'ப்ரில்'ல முடியிற எல்லாம் அந்த வம்சம்தான்.

இப்ப அம்மாவோட இருமலுக்கு வருவோம். பிராடிகைனின்னு சொன்னேன் இல்லையா, அது ரத்தக்குழாய விரிக்கிற சாமான், அத ஒடைச்சி அழிக்கிறதும் இதே ஏசிஇ என்சைம்தான். அப்ப எனலப்ரில் போட்டு என்சைம மறிச்சா ஒரு பக்கம் ஆஞ்சியோடென்சின் 2 குறையுது, மறுபக்கம் பிராடிகைனின் அழியாம சேந்துக்கிட்டே போகுது, அது நுரையீரல்ல நரம்ப சொறிஞ்சி வறட்டு இருமல கொண்டு வருது. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில மயிர் சிக்கின மாதிரி கர் கர்ருன்னு இருக்கும், படுத்தா கூடும். நூறு பேருக்கு குடுத்தா அஞ்சு பேர்ல இருந்து இருபது பேர் வரைக்கும் இது வரும், ஆம்பளைகள விட பொம்பளைகளுக்கு கூடுதலா வரும். குளிசைய நிப்பாட்டினா பொதுவா ஒண்ணுல இருந்து நாலு கிழமைக்குள்ள போயிரும், சிலருக்கு மூணு மாசம் வரைக்கும் இழுக்கும்.

நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, நுவரெலியா, தலவாக்கலை குளிருக்கு இருமல் வர்றது சகஜம்தானேன்னு பனி மேல பழிய போட்டுட்டு கொத்தமல்லி அவிச்சி குடிப்பாங்க, அது பரவால்ல. அதிமதுரத்த வாயில போட்டு அடக்கிக்கிட்டு இருக்குறவங்களும் உண்டு, அங்கதான் சிக்கல். அதிமதுரத்துல உள்ள சத்து, கிட்னியில கோர்டிசோல் ஹோர்மோன அடக்கி வைக்கிற என்சைம மறிச்சிரும், அடங்காத கோர்டிசோல் அல்டோஸ்டிரோன் செய்யிற வேலைய தான் செய்ய ஆரம்பிக்கும், உப்பு நிக்கும், பொட்டாசியம் போகும், பிரசர் ஏறும். அதாவது பிரசர் குளிசையால வந்த இருமலுக்கு பிரசர ஏத்துற மருந்த சாப்பிடுறாங்க! ஒரு நாள் ரெண்டு நாள் ஒரு துண்டு மென்னா ஒண்ணும் ஆகாது, கிழமைக்கணக்கா தெனம் சாப்பிட்டாத்தான் பிரச்சினை, ஆனா பிரசர் உள்ளவங்க அது பக்கம் போகாம இருக்குறது நல்லம்.

இன்னொண்ணு, இது அபூர்வம்தான் ஆனா தெரிஞ்சி வச்சிருக்கணும், அதே பிராடிகைனினால சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை வீங்கும். அது இருமல் மாதிரி பொறுத்துப் பாக்குற விசயம் இல்ல, உடனே முச்சக்கர வண்டியோ எதுவோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடணும், பொறகு வாழ்க்கையில 'ப்ரில்' குளிசைய தொடவே கூடாது, கிளினிக் கொப்பியில பெருசா எழுதி வைக்கச் சொல்லணும்.

லொசார்டன் மறிக்கிறது வேற இடத்துல. என்சைம அது தொடாது, ஆஞ்சியோடென்சின் 2 உருவாகட்டும்னு விட்டுட்டு, அது போய் ஒட்டிக்கிற இடத்துல, அதாவது ரத்தக்குழாயிலயும் அட்ரீனல்லயும் இருக்குற ரிசப்டர்ல முன்கூட்டியே போய் குந்திக்கும். ஹோர்மோன் வந்து பாத்தா இடமில்ல. பிராடிகைனின் வழமையா அழிஞ்சிக்கிட்டு இருக்கும், அதனால இருமல் இல்ல. இந்த ஜாதியில முதல்ல வந்தது லொசார்டன்தான், 1995ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, டெல்மிசார்டன், வால்சார்டன் எல்லாம் பின்னாடி வந்த தம்பிமார். 'பாம்புக்குளிசை'யில இருந்து இதுக்கு மாத்தினது உங்கம்மாவுக்கு சரியான காரியம், டொக்டர் புத்தகத்துல உள்ளபடியேதான் செஞ்சிருக்கார்.

இனி கிட்னி. இத கொஞ்சம் பொறுமையா வாசிங்க, ஏன்னா லயத்துல சொன்ன அந்த ஆள் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. கிட்னியில ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ள வர்ற குழாய் ஒண்ணு, வெளிய போற குழாய் ஒண்ணு இருக்கு. ஆஞ்சியோடென்சின் 2 வெளிய போற குழாயத்தான் கூட நெரிக்கும், அப்ப வடிகட்டிக்குள்ள அழுத்தம் கூடி நல்லா வடியும். லொசார்டனோ எனலப்ரிலோ போட்டா வெளிய போற குழாய் தளரும், உள்ள அழுத்தம் குறையும், வடியிறது கொஞ்சம் குறையும், அதனால முதல் சில கிழமையில கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும். பழைய அளவுல இருந்து 30 சதவீதம் வரைக்கும் ஏறினா பொதுவா மருந்த நிப்பாட்ட மாட்டாங்க, ஏன்னா வடிகட்டி மேல பாரம் குறைஞ்சதுக்கு அதுவே அடையாளம். சீனி வருத்தத்துல கிட்னி கெடுறதே அந்த வடிகட்டிக்குள்ள வருசக்கணக்கா அழுத்தம் கூடி, அது கிழிஞ்சி, ஒண்ணுக்குல புரதம் போறதாலதான். 2001ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில, சீனியால கிட்னி பாதிச்ச 1513 பேருக்கு பாதி பாதியா லொசார்டனும் மருந்தில்லாத வெறும் குளிசையும் குடுத்துப் பாத்தாங்க, லொசார்டன் போட்டவங்க டயாலிசிஸ் வரைக்கும் போற ஆபத்து 28 சதவீதம் குறைஞ்சிருந்தது. கிட்னிய அடிக்கிற மருந்துன்னா இப்படி வருமா? அந்த அண்ணனுக்கு சீனியும் இருந்தா, கிரியேட்டினின் ஏறினது சீனியாலயா, கொஞ்சமா ஏறி நின்னதான்னு பாக்காம மருந்து மேல பழி போடக்கூடாது.

ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு. ரெண்டு கிட்னிக்கும் போற பெரிய ரத்தக்குழாயே கொழுப்பு படிஞ்சி சுருங்கியிருந்தா, அந்த ஆளோட கிட்னி இந்த ஹோர்மோன நம்பித்தான் ஓடுது, அவருக்கு இந்தக் குளிசை போட்டா கிரியேட்டினின் கிடுகிடுன்னு ஏறும். அதனாலதான் மருந்து தொடங்கினதும், அளவு கூட்டினதும் ஒண்ணு ரெண்டு கிழமையில ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்றது. அந்த ரத்தப் பரிசோதனைக்கு துண்டு எழுதிக் குடுத்தா, பேருக்கு எழுதினதுன்னு கொப்பிக்குள்ள சொருகி வச்சிடாதீங்க.

நான் பாக்குற உண்மையான கிட்னி எதிரி, மேல் வலி குளிசை. கூடைய முதுகுல போட்டு ஏறி இறங்கினவங்களுக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காம என்ன செய்யும், பாமசிக்கு வந்து "அந்த வலிக் குளிசை பத்து தாங்க"ன்னு கேப்பாங்க, கேக்குறது டைக்ளோபெனாக் இல்லன்னா ஐபுப்ரோபென். கிட்னிக்கு உள்ள வர்ற குழாய தெறந்து வைக்கிறது புரோஸ்டகிளாண்டின்னு ஒரு சாமான், வலிக் குளிசை அதச் செய்ய விடாம தடுக்கும், உள்ள வர்ற குழாய் சுருங்கிரும். ஏற்கனவே லொசார்டனால வெளிய போற குழாய் தளந்து கிடக்கு. வர்றது குறைவு, போறது தாராளம், நடுவுல உள்ள வடிகட்டியில அழுத்தமே இல்ல. இது கூட ஒண்ணுக்கு போக வைக்கிற குளிசையும் இருந்தா உடம்புல தண்ணியும் குறைவு, மூணும் சேந்தா கொஞ்ச நாள்லயே கிட்னி படுத்துரலாம், வயசானவங்களுக்கு இது சும்மா பயங்காட்டுற பேச்சு இல்ல. அதுக்கு மேல, வலிக் குளிசை உப்பையும் தண்ணியையும் நிறுத்தி வச்சி பிரசரையும் ஏத்தும், அப்ப கிளினிக்ல பிரசர் கூட இருக்குன்னு லொசார்டன 50ல இருந்து 100 ஆக்குவாங்க. அம்மாவுக்கு வலின்னா பெனடோல் குடுங்க, தைலம் தேய்ச்சி ஒத்தடம் குடுங்க, வலிக் குளிசை கட்டாயம் வேணும்னா பிரசர் குளிசை போடுற விசயத்த சொல்லிக் கேளுங்க. உண்மையச் சொன்னா இத கேக்க வேண்டியது பாமசியில நிக்கிற எங்க வேலை, எல்லா இடத்துலயும் கேக்குறதில்ல.

வயித்தால போனா, வாந்தி எடுத்தா, சாப்பாடு தண்ணி எறங்காட்டியும் இதே கதைதான். உடம்பு தண்ணி வத்தி ரெனின விட்டு பிரசர தூக்கிப் புடிக்கப் பாக்கும், குளிசை அந்தக் கைய புடிச்சி வச்சிக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி நாள்ல பிரசர் குளிசைய நிறுத்தி வைக்கணுமா, எத்தன நாளைக்குன்னு அடுத்த கிளினிக்ல முன்கூட்டியே கேட்டு எழுதி வச்சிக்கிட்டா நல்லம். ஜீவனி (உப்பு சீனி சேந்த தண்ணிப் பவுடர்) கரைச்சி குடுக்குறதுக்கு யார்கிட்டயும் கேக்கத் தேவையில்ல.

பொட்டாசியம் விசயம் இதுக்குள்ள வந்துருச்சி. அல்டோஸ்டிரோன் பொட்டாசியத்த வெளிய விடும்னு சொன்னேன், மருந்து அல்டோஸ்டிரோன குறைச்சா பொட்டாசியம் உள்ள தங்கும். பொதுவா ரத்தத்துல 3.5ல இருந்து 5 வரைக்கும் இருக்கணும், ரொம்ப ஏறினா நெஞ்சோட துடிப்பே தாறுமாறாப் போகும், எந்த வலியும் அறிகுறியும் காட்டாம ஏறும் என்கிறதுதான் இதுல பயங்கரம். கிட்னி நல்லா இருக்குறவங்க வாழப்பழத்துக்கும் தெம்பிலிக்கும் பயப்படத் தேவையில்ல. கிட்னி வேலை குறைஞ்சவங்க அளவா இருக்கணும். ஆனா "பிரசருக்கு நல்லது"ன்னு விக்கிற சோடியம் குறைஞ்ச உப்பு பாக்கெட் இருக்கே, அதுல பாதி பொட்டாசியம் குளோரைட்டா இருக்கலாம், லொசார்டன் போடுறவங்க கேக்காம அத வாங்கி குழம்புல கொட்டாதீங்க.

ஆளுக்கொரு குளிசை ஏன்னா, ஆளுக்கொரு காரணம். வயசு ஏற ஏற ரெனின் பொதுவா குறைஞ்சிக்கிட்டே போகும், அதனால இங்கிலாந்து வழிகாட்டியில சீனி இல்லாத 55 தாண்டினவங்களுக்கு முதல்ல அம்லோடிபின் மாதிரி ரத்தக்குழாய நேரா தளத்துற குளிசை, வயசு குறைஞ்சவங்களுக்கும் சீனி உள்ளவங்களுக்கும் ப்ரிலோ சார்டனோன்னு போட்டிருக்கு. மாமாவோடது அம்லோடிபின்னா அது இந்த ஹோர்மோன் வழியில இல்ல, அதுல சிலருக்கு கணுக்கால் வீங்கும். பெரியம்மாவோடது அட்டெனொலோல்னா அது நெஞ்சுத் துடிப்ப குறைக்கிறதோட கிட்னிக்குப் போற நரம்புத் தகவலையும் குறைச்சி ரெனினையே வர விடாம அடக்கும். ஒண்ணுக்கு போக வைக்கிற ஹைட்ரோகுளோரோதயசைட் உப்ப வெளிய தள்ளும், அதுக்கு கிட்னி கோவப்பட்டு ரெனின கூடுதலா விடும், அங்க லொசார்டன் காத்துக்கிட்டு நிக்கும், அதனாலதான் ரெண்டையும் ஒரே குளிசையா சேத்துப் போடுறாங்க. ஸ்பைரோனோலக்டோன்னு ஒண்ணு கடைசிப் படியில அல்டோஸ்டிரோனயே மறிக்கும், மூணு மருந்து போட்டும் இறங்காத பிரசருக்கு ரொம்ப நல்லா வேல செய்யும், ஆனா ஆம்பளைகளுக்கு மார்பு வீங்கி வலிக்கிறது உண்டு, லொசார்டனோட சேத்துப் போட்டா பொட்டாசியம் பாத்தே ஆகணும். ரெனினயே நேரா மறிக்கிற அலிஸ்கிரன் 2007ல வந்தது, எதிர்பாத்த அளவு ஓடல.

உப்பு பத்தி ஒண்ணே ஒண்ணு. உடம்புல உப்பு நெறைய இருந்தா கிட்னி ரெனின் விடுறத தானே குறைச்சிரும், ஆனா பிரசர் உப்பாலயும் தண்ணியாலயும் ஏறி நிக்கும். அப்ப லொசார்டனுக்கு மறிக்க பெருசா ஒண்ணும் இருக்காது, குளிசையோட வேலை குறைஞ்சிரும். காலையில ரொட்டியும் கட்டா சம்பலும், பகலுக்கு கருவாட்டுக் குழம்பும்னு சாப்பிட்டுக்கிட்டு "குளிசை வேலை செய்யல"ன்னா அது குளிசையோட குத்தமில்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு குறைய, தேக்கரண்டி ஒண்ணு, கருவாட்டுல உள்ளதும் ரொட்டி மாவுல போட்டதும் அதுக்குள்ளதான் அடங்கணும். கருவாட்ட விடவே முடியாட்டி தண்ணி மாத்தி மாத்தி நல்லா ஊற வச்சி சமைங்க.

130க்கு வந்துட்டா நிப்பாட்டலாமான்னு கேட்டீங்க. வேணாம். குளிசை ரிசப்டர்ல குந்திக்கிட்டு இருக்குறதாலதான் 130, எழும்பிப் போனா ஹோர்மோன் திரும்ப வந்து அதே இடத்துல குந்தும். லொசார்டன் முழு வேலையக் காட்ட மூணுல இருந்து ஆறு கிழமை எடுக்கும், அதனால ஒரு கிழமை போட்டுட்டு இறங்கலன்னும் விடக்கூடாது. இதுல இன்னொரு கூத்து, கிளினிக் நாளன்னைக்கு வெறும் வயித்துல வரச் சொன்னாங்கன்னு குளிசையையும் போடாம, விடியக்காலமே எழும்பி, ஏத்தத்துல ரோட்டுக்கு ஏறி, பஸ்சுல நெருக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க, அப்ப பாத்தா பிரசர் 170. வெறும் வயிறுன்னா சாப்பாடு இல்லாம, அவ்வளவுதான். பிரசர் குளிசைய ஒரு மிடறு தண்ணியோட போட்டுட்டு வரலாமான்னு தாதியம்மாகிட்ட ஒரு தரம் கேட்டு வச்சிக்கோங்க, போடலன்னா போடலன்னு டொக்டர்கிட்ட சொல்லுங்க, இல்லன்னா தேவையில்லாம அளவ கூட்டி எழுதிருவாங்க. சீனிக் குளிசையும் ஊசியும் வேற விசயம், அத இதோட குழப்பிக்க வேணாம்.

கடைசியா, வீட்டுல மிச்சம் கிடக்குற எனலப்ரில் உறை. "இருமல் இப்ப இல்லதானே, வீணாப் போகாம இதையும் சேத்துப் போட்டா பிரசர் நல்லா இறங்கும்"னு அம்மா நெனைக்கலாம். 2008ல வந்த ஆராய்ச்சியில 25,620 பேர எடுத்து, ராமிப்ரில் தனியா, டெல்மிசார்டன் தனியா, ரெண்டும் சேத்துன்னு குடுத்துப் பாத்தாங்க. சேத்துப் போட்டவங்களுக்கு நெஞ்சுக்கு கூடுதலா ஒரு நன்மையும் இல்ல, தலைசுத்தி விழுறதும் கிட்னி கோளாறும் பொட்டாசியமும்தான் கூடினது. அதனால அந்த உறைய அடுத்த கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போய் திருப்பிக் குடுங்க. தலசுத்துதுன்னு வர்ற மருமகளுக்கோ மகளுக்கோ அம்மாவோட குளிசையில பாதி உடைச்சிக் குடுக்குற பழக்கமும் சில வீட்டுல இருக்கு. அவங்க மாசமா இருந்தா பெரிய ஆபத்து, ப்ரிலும் சார்டனும் வயித்துல உள்ள புள்ளையோட கிட்னிய வளர விடாது, பனிக்குட தண்ணி வத்திப் போகும், புள்ள தங்காமலும் போகலாம். குடும்பத்துல யாருக்காவது கல்யாணம் முடிஞ்சி, பிரசருக்கு இந்த வகை குளிசை போட்டுக்கிட்டு இருந்தா, புள்ள வேணும்னு நெனைக்கிற அன்னைக்கே கிளினிக்ல சொல்லி வேற மருந்துக்கு மாறிடணும், நாள் தள்ளிப் போனதுக்குப் பொறகு இல்ல.